மகளின் கடைப் பானைக்கு வைத்த பொட்டு

இன்றைக்கு ஒரு ஜெர்மன்காரருக்கு முன்னால் நான் போட்டிருந்த சேட்டு நுனியால் பானை துடைத்தேன்.

வுப்பர்டாலில் மகள் கடை திறந்த முதல் நாள். வீட்டிலேயே பியர் காய்ச்சுகிற ஆட்களுக்குப் பானை, ஈஸ்ட், மோல்ட் என்கிற முளைவிட்ட பார்லி எல்லாம் விற்கிற கடை. புதுச் சாமானைக் கண்டால் நம்முடைய கை சும்மா இருக்குமா? விடியவே போய் எல்லாப் பானைக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டேன்.

முதலாவதாக வந்த மனிதர் ஒரு பானையைத் திருப்பிப் பார்த்து, "இது பாவிச்சதோ? கறை இருக்கு" என்றார்.

"அப்பா!" என்றாள் மகள்.

ஓடிப்போய்த் துடைத்தேன். பானையும் சிவந்தது, சேட்டும் சிவந்தது.

"விடுங்கோ அப்பா" என்றவள், அவரிடம், "புதுசுதான். பியர் நல்லா வரோணும் எண்டு அப்பா கும்பிட்டு வைச்ச பொட்டு" என்று ஜெர்மனில் விளங்கப்படுத்தினாள்.

அவர் அந்தப் பானையை வைத்துவிட்டு, பக்கத்தில் பொட்டோடு இருந்ததை வாங்கிக்கொண்டு போனார்.

"பாத்தீங்களோ, உங்கட கும்பிடு பலிச்சிட்டுது!"

"ஓம் பிள்ளை" என்றேன்.

வைத்த நேர்த்திக்கடனைத் திருப்பி எடுக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ. இந்தக் கடை கெதியில் ஒரு பேக்கரியாக மாறினால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று, பொட்டு வைக்கும்போது பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டதை அவளுக்கு நான் சொல்லவில்லை.