இருபத்தொன்பதோடு பதினாறு

மார்ச் பிறந்துவிட்டது, என் செல்போன் ஒன்றும் சொல்லவில்லை. கேஸ் புக்கிங்கிலிருந்து, எப்போதோ கூட வேலை பார்த்தவரின் பிறந்தநாள் வரை எல்லாவற்றுக்கும் டிங் என்று மணியடிக்கிற போன்தான். அப்பா இறந்த தேதியைப் போட்டு, 'ஒவ்வொரு வருடமும்' என்பதையும் தொட்டு வைத்திருந்தேன். பிப்ரவரி 29. இல்லாத தேதிக்கு அது எப்படி மணியடிக்கும், பாவம்? நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் அதற்கு ஞாபகம் வருகிறது. எனக்குப் பெரிய வருத்தம் என்றும் சொல்லமுடியாது. சட்னி அரைத்துக்கொண்டே நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

தேதி என்றாலே எனக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாஸ்கர் அண்ணன் வைத்திருந்த பத்திரிகைக் கடை நினைவுக்கு வரும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கேதான் அச்சடிப்பார்கள். உள்ளே மை வாசனை தூக்கும். இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர்; அதற்காகச் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கோயிலில்கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது.

என் அண்ணன் கம்ப்யூட்டர் படித்தவன். காலேஜ் லீவில் அந்தக் கடைக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். இறந்த தேதியை அடித்தால் பதினாறாம் நாள் காரியம் என்ன தேதி, என்ன கிழமை என்று சொல்லிவிடும். "லீப் வருசம் வந்தாக்கூட தப்பாவாதுண்ணே" என்று பாஸ்கர் அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டான். அந்த லீப் வருடத்துக்காகவே மண்டையை உடைத்துக்கொண்டவன். பிறகு சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்தார். நானும் அதே கம்பெனியில்தான், பேக்கிங்கில். ஃப்யூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவேன். இன்றும் வைக்கோல் வாசனை பட்டால் சூளை வாசலில் நிற்கிற அப்பா வந்துவிடுகிறார். "இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு, நாளான்னிக்கு மூணு. சூளையப் பிரிச்சிடலாம்" என்பார். பற்றவைத்த நாளே அவருக்கு ஒன்று. எங்கள் பக்கம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் அப்படித்தான் எண்ணுவார்கள். அண்ணனும் அப்படி எண்ணி வளர்ந்தவன்தான். ஆனால் புரோகிராமில், இறந்த தேதியோடு பதினாறைக் கூட்டிவிட்டான். அப்படிக் கூட்டினால் முதல் நாள் கணக்கில் விழாது. விடை ஒரு நாள் தள்ளி, பதினேழாம் நாளில் போய் நிற்கும். லீப் வருடத்தைப் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

அப்படி ஒரு லீப் வருடத்தில், பிப்ரவரியின் கடைசி நாள், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன அப்பா அப்படியே சரிந்துவிட்டார். அண்ணனுக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். போனில் அவன் அழுத அழுகையைக் கேட்கமுடியாமல் மாமா ரிசீவரை வாங்கினார்.

"கொள்ளிக்குத்தான் இல்லாம பூட்ட. பதினாறாம் நாளு காரியத்தயாவது நீ ஒக்காந்து செய்யணும்டா."

"கண்டிப்பா வந்துடறேன் மாமா. அது ஒண்ணாவது நான் செய்யறேன்."

தேதியை இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை. பத்திரிகையில் மார்ச் 15 என்று தெளிவாகத்தான் அச்சடித்திருந்தது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு யாராவது கருமாதிப் பத்திரிகை அனுப்புவார்களா? அவன் அங்கே தன் புரோகிராமையே ஓட்டிப் பார்த்திருக்கிறான். மார்ச் 16 என்று வந்திருக்கிறது. கிடைத்த லீவு நாலு நாள்தான்; அன்று காலை வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போட்டுவிட்டான்.

பதினைந்தாம் தேதி காலை எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ரூமுக்குப் போன் போட்டால் கூடத் தங்கியிருப்பவர் எடுத்து, "அவருக்கு இன்னிக்கு ராத்திரிதாங்க ஃப்ளைட்டு" என்றார். காரியம் செய்துவைக்க வந்தவருக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் இன்னொரு வீடு காத்திருந்தது. மாமா என் தோளைத் தொட்டு, "நீயே ஒக்காருடா" என்றார். உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டே, கம்பெனியில் பாதியில் விட்டு வந்த பெட்டிகளை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களா?

மறுநாள் பந்தல் பிரித்துக்கொண்டிருக்கும்போது பையோடு வந்து நின்றான்.

"ஏம்மா பந்தல பிரிக்கறாங்க? இன்னிக்குத்தான பதினாறு?"

"நேத்தே முடிஞ்சிடுச்சிப்பா" என்றாள் அம்மா.

அவன் நின்றபடியே விரல் மடக்கி எண்ணினான். முதல் விரல் அப்பா போன நாளுக்கு. எண்ணி முடித்துக் கையை இறக்கிவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சலூனுக்குத் தனியாகப் போய் மொட்டையடித்துக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் இருவரும் பாஸ்கர் அண்ணன் கடைக்குப் போனோம். அவர் அண்ணனின் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது எப்பவும் ஒருநாளு கூடத்தான் காட்டும் தம்பி. நான் ஒண்ணு கொறைச்சிக்குவேன். சொன்னா சங்கடப்படுவியேன்னு உங்கிட்ட சொல்லல." அண்ணன் உட்கார்ந்து பதினாறைப் பதினைந்தாக மாற்றினான். மாற்றவேண்டியிருந்தது அந்த ஓர் எண்ணைத்தான்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். அவன் போன பிறகும் பாஸ்கர் அண்ணனின் கை பழக்கதோஷத்தில் ஒன்றைக் குறைத்துக்கொண்டே இருந்தது. கம்மாபுரத்துக்காரர் ஒருவர் வீட்டில் பதினைந்தாம் நாளே கருமாதி என்று பத்திரிகை போய், அவர் திரும்பி வந்து கடையில் ஒரே சத்தம். "பழையபடியே வெச்சிடச் சொல்லு தம்பி, அதான் எனக்குத் தோதுப்படுது" என்றார் பாஸ்கர் அண்ணன் என்னிடம். அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எந்த வரியில் மாற்றவேண்டும் என்று சொன்னான். நானே அடித்து மறுபடி பதினாறாக்கினேன். கடை மூடும்வரை அது தப்பாகவே சரியாக ஓடியது.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. சூளையில் அப்பாவோடு நின்றவர்கள் யாரும் இல்லை. அம்மா இருந்தவரை, "நாளைக்கு ஒங்கப்பாவுக்குத் திதிடா" என்று அவளே சொல்லிவிடுவாள். என்ன திதி என்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சாங்கத்தில் தேடினால் கிடைக்கும்தான். தேடவில்லை. எங்களிடம் மிஞ்சியது இந்த இங்கிலீஷ் தேதி மட்டும்.

சட்னிக் கையைக் கழுவிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எனக்கும் போனு ஒண்ணும் சொல்லலடா" என்றான்.

"இனிமே அப்பாவுக்கு இருபத்தெட்டுல செய்யலாமா, ஒண்ணாந்தேதி செய்யலாமாண்ணே?"

"நீ ஒரு நாள வெச்சிக்க. எதுல செஞ்சாலும் எனக்கு ஒருநாள் தள்ளித்தானடா இருக்கும்."