த்ரீவீலில் படித்த சீன மொழி

எங்கள் மூவரில் சீனா போகும் ஆசை முதலில் யாருக்கு வந்தது என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. எனக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம். கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் மூன்று பெண்களும் பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறோம். கணக்கு டீச்சருக்கு யாரிடமும் பயம் கிடையாது. சங்கீத டீச்சருக்கு எல்லாரிடமும் பயம். நான் தமிழ் டீச்சர். ஸ்டாஃப் ரூமிலும் சரி, வீடு திரும்பும் த்ரீவீலிலும் சரி, இருவருக்கும் நடுவில் உட்காருவது என் பொறுப்பு.

கணக்கு டீச்சர் மாவனல்லைக்குச் சேலை வாங்கப் போனவர், சேலைக்குப் பதிலாக ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். 'இலையுதிர்காலத் தொடக்கத்தில் சீனப் பண்பாடும் இயற்கை எழிலும்' என்று அதில் போட்டிருந்தது. ஒன்பது நாள். சிவந்த மலை, மூங்கில் காடு, கூரை முனைகள் மேல்நோக்கி வளைந்த பழைய தெரு. சங்கீத டீச்சர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடைவேளை முடியும்வரை தரவில்லை.

வீட்டில் சொன்னேன். என் கணவர் தோட்ட ஆபீஸில் கிளாக்கர்.

"இலை கொட்டுறத பாக்கவா அவ்வளவு தூரம் போறீங்க?" என்றார். "தை மாசம் ஜன்னலத் தொறந்தா போதாதா?"

எங்கள் பக்கம் ரப்பர் மரம் இலை கொட்டுவது தை, மாசியில்தான். மலை முழுக்க மொட்டையாக நிற்கும், பால் குறைந்துபோகும். அந்தக் காலத்தை இங்கே யாரும் படம் பிடித்து மாட்டியதில்லை.

"அங்க கொட்டுறதுக்கு முந்தி செவக்குமாம்" என்றேன்.

"இங்கயுந்தான் செவக்குது. ஒரு நாளாச்சும் பாத்தியா?"

அந்தக் கோபத்தில் அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டேன்.

பயண ஏற்பாடு செய்பவர் மாவனல்லைக் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருந்தார். அதுவரை மக்காவுக்கும் தென்னிந்தியக் கோயில்களுக்கும் ஆட்களை அனுப்பியவர், சீனா அவருக்கும் முதல் தடவை. சங்கீத டீச்சர் மீன் வாசனைக்கே மூக்கைப் பிடிப்பவர் என்பதால், மரக்கறிச் சாப்பாட்டைப் பற்றி நான்தான் அவருக்காகக் கேட்டேன்.

"சோயாப் பால்ல செஞ்ச கட்டி ஒன்னு இரிக்கிது டீச்சர். பாக்க தயிரு மாதிரி."

"ருசி எப்படிங்க?"

"நான் தின்னல்ல டீச்சர். வீடியோவுலதான் பாத்தேன்."

இப்படி உண்மை பேசுகிறவரை நம்பலாம் என்று கணக்கு டீச்சர் அங்கேயே முடிவு செய்தார். ஒக்டோபர் முதல் வாரம் என்று பேசி, மூன்று பேரும் லீவுக் கடிதம் எழுதி வலயக் கல்விப் பணிமனையில் கொடுத்தோம்.

அடுத்தது மொழி. கூட வரும் வழிகாட்டி ஆங்கிலம் பேசுவார் என்று சொல்லியும் கணக்கு டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. தன் வாயால் தானே பேசினால்தான் ஒரு நாட்டைப் பார்த்ததாகக் கணக்கு என்றார். எங்களை ஏற்றி இறக்கும் த்ரீவீல்காரர் இதைக் கேட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சீன பாஷையா? நான் சொல்லித் தாறேன் டீச்சர். எட்டு மாசம் அவங்ககிட்ட வேல செஞ்சிருக்கேன்."

அவர் எங்கள் தோட்டத்துக்காரர்தான், நாற்பது வயதிருக்கும். சீனர்கள் பாதை போட்ட இடமொன்றில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லொறியை ஓட்டியிருக்கிறார். மறுநாளே வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. ரம்புக்கனைப் பாதையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் இருபத்தைந்து நிமிட ஏற்றம். இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவர் கத்துவார், நாங்கள் மூவரும் திருப்பிக் கத்துவோம். பாதையோரத்துப் பிள்ளைகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"வணக்கம் சொல்றதுக்கு, கைய இப்புடித் தூக்கி, 'திங்'. காலையில நான் லொறிய கொண்டு போனதும் எங்க சீனத் தொர, பெரிய மாத்தயா, முன்னாடி வந்து நின்னு அப்புடித்தான் சொல்லுவாரு. நானும் கையத் தூக்கி திங்னு சொல்லுவேன். சிரிப்பாரு."

"வாங்கன்னு கூப்பிட?" என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

"குவாய் குவாய். ரெண்டு தடவ சொல்லணும், அதுதான் மரியாத."

எல்லாவற்றையும் ஒற்றை ரூல் கொப்பியில் எழுதிக்கொண்டோம். வெள்ளிக்கிழமைகளில் சோதனை. சங்கீத டீச்சருக்கு ராகம் சரியாக வந்தது, சத்தம்தான் வரவில்லை. "வாயத் தொறந்து சொல்லுங்க டீச்சர், முழுங்காதீங்க" என்று த்ரீவீல்காரர் கண்ணாடியில் பார்த்து அதட்டுவார். இதே வசனத்தை நாங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு இருந்தோம்.

ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு, யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றார் கணக்கு டீச்சர். சீனர்களுக்கு எங்கே போவது? பின்னவலையில் யானை குளிக்கும் ஆற்றங்கரையில் வேண்டிய மட்டும் இருப்பார்கள். ஒரு சனிக்கிழமை மூவரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனோம்.

கரையோரப் பெஞ்சில் வயதான ஒரு சீனத் தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு யானைகளைப் பார்த்திருந்தார். கணவர் செவ்விளநீரை வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் நேராக அவர் முன்னால் போய் நின்று கையை உயர்த்தினார்.

"திங்."

இளநீர் பாதி வழியில் நின்றது.

கணக்கு டீச்சர் மலர்ச்சியாகச் சிரித்து, "குவாய் குவாய்" என்றார்.

அந்த மனிதர் ஒருமுறை மனைவியைப் பார்த்தார். பிறகு இளநீரை ஒரே மூச்சில் இழுத்தார். அடியில் கரகரவென்று சத்தம் வரும்வரை இழுத்துவிட்டு, எழுந்து, வெறும் கோம்பையை இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்டினார். கணக்கு டீச்சர் அது சீன வழக்கமாக இருக்கும் என்று நினைத்து, வணங்கி வாங்கிக்கொண்டார். சங்கீத டீச்சர் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார்.

அந்த அம்மா கைப்பேசியில் எதையோ தேடி, எங்களைச் சுட்டிக்காட்டி, "ஸ்ரீலங்கா?" என்றார். நான் என் வாயைத் தொட்டு "தமிழ், தமிழ்" என்றேன். அவர் அதில் ஏதோ தெரிவுசெய்து மெதுவாகப் பேசினார். கைப்பேசி செய்தி வாசிக்கும் குரலில் சொன்னது:

"மதிப்பிற்குரிய அதிகாரியே, இங்கே பருகுவது தடை செய்யப்பட்டுள்ளதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வியர்த்தது. "ஐயோ இல்லீங்க, நாங்க சும்மா பேசிப் பாக்க வந்தோம்" என்று கைப்பேசியில் சொன்னேன். அது என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, அந்த அம்மாவின் முகம் இன்னும் வெளுத்தது. பேச்சுத் தமிழ் அந்தக் கருவிக்கு ஏறவில்லை என்று பட்டது. பத்தாம் வகுப்புக்குக் கட்டுரை சொல்லும் குரலை எடுத்தேன்.

"நாங்கள் ஆசிரியைகள். உங்கள் நாட்டைக் காண விரும்புகிறோம். உங்கள் மொழியைப் பயில்கிறோம். பிழை இருந்தால் பொறுத்தருள்க."

அதைக் கேட்டதும் அந்த அம்மா கணவரின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். 'திங்' என்றால் நில், 'குவாய்' என்றால் சீக்கிரம் என்று கைப்பேசி எங்களுக்குத் தெரிவித்தது. கணக்கு டீச்சர் கோம்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "அப்ப அந்தப் பெரிய மாத்தயா ஏன் சிரிச்சாருன்னு இப்ப வெளங்குது" என்றார்.

அரை மணி நேரம் பேசினோம். பெஞ்சில் எங்களுக்கும் இடம் விட்டார்கள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒக்டோபர் முதல் வாரம் என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினார்கள்.

"வேண்டாம்" என்றது கைப்பேசி. "அது தேசிய விடுமுறை. அப்போது முழு நாடும் வீட்டுக்கு வெளியே நிற்கும். நீங்கள் மலையைக் காண மாட்டீர்கள். முதுகுகளைக் காண்பீர்கள்."

செப்டெம்பர் நடுவில் வரச் சொன்னார்கள். இலை அவ்வளவாகச் சிவந்திருக்காதாம். ஆனால் ஏதோ ஒரு சின்ன மஞ்சள் பூ பூக்கத் தொடங்கும், தெரு முழுக்க வாசம் வரும் என்றார் அந்த அம்மா. பூவின் பெயரைக் கைப்பேசி மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னது.

திங்கட்கிழமை நாங்கள் ஏறும்போதே த்ரீவீல்காரர் கேட்டார்.

"பேசுனீங்களா டீச்சர்? வெளங்குச்சா அவங்களுக்கு?"

ஒரு பிள்ளை விடையைச் சரியாக எழுதி வழியைப் பிழையாக எழுதினாலும் புள்ளி வெட்டுகிறவர் கணக்கு டீச்சர்.

"நல்லா வெளங்குச்சு" என்றார் அவர். "சொன்னபடியே செஞ்சாங்க."

"ஹரி, அப்ப சரி" என்று த்ரீவீல்காரர் சந்தோஷமாகக் கியரைப் போட்டார்.

மாவனல்லைப் பயண ஏற்பாட்டுக்காரர் திகதி மாற்றத்துக்கு முதலில் தலையில் கை வைத்தார். பிறகு யாரோடோ நீளமாகப் பேசிவிட்டு, "அவங்க சொன்னது சரிதான் டீச்சர். நல்ல வேள கேட்டீங்க" என்றார். புதிய லீவுக் கடிதங்களோடு வலயப் பணிமனைக்குப் போனோம். அங்கே விடுமுறைக் கோவைகளைப் பார்ப்பவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"முந்தித் தந்ததிலை ஒக்டோபர் எண்டு இருக்கு. ஏன் மாத்திறியள்? அங்கை ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ?"

"இல்லீங்க மேடம்" என்றேன்.

"கோயில் நேத்திக்கடனோ?"

"இல்லீங்க."

"அப்ப காரணம் எண்ட இடத்திலை நான் என்ன போடுறது? படிக்கப் போறம் எண்டு எழுதித் தாங்கோவன், மேலை கேள்வி வராது."

கணக்கு டீச்சர் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது எனக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"படிக்க இல்லீங்க மேடம்" என்றார் சங்கீத டீச்சர். "பாக்கத்தான் போறோம். பாத்துட்டு வந்துருவோம்."

அறையில் இருந்த மற்ற மேசைக்காரர்களும் திரும்பினார்கள். அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு குனிந்து, மூன்று கடிதத்திலும் 'பார்ப்பதற்கு' என்று தன் கையாலேயே எழுதி முத்திரை குத்தினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். சங்கீத டீச்சர் தெருவோரத்தில் மூன்று பேருக்கும் அவித்த சோளம் வாங்கி, எனக்கும் கணக்கு டீச்சருக்கும் பெரியதாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, முதல் ஆளாகக் கடிக்கத் தொடங்கினார்.