குளத்துக்கு வந்த விஷப்பயல்

எழுபதுகளில் கேரள எல்லைக்குள் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மீன்வளத்துறை ஊழியனாகக் குளம் குளமாக அலைந்தவன் என்ற முறையில், மனித குலத்தின் தவறான நம்பிக்கை ஒன்றைத் திருத்தக் கடமைப்பட்டிருக்கிறேன்: கொதிக்க வைத்தால் விஷம் செத்துப்போகாது, ஏனென்றால் விஷத்துக்கு உயிரே கிடையாது. ஊருக்கு நல்லது சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு மற்றது புரியும்.

துள்ளுகிற மீன்

ஒரு கோடையில் ஊர்க்குளம் பாசி பிடித்து, பெயின்ட் கொட்டியது போலப் பச்சையானது. மீன் குத்தகைக்காரர் பழனிச்சாமிக் கவுண்டருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி, மீன் கொழுக்குமாம். நான் விளக்கினேன்: இந்தப் பாசியில் சில வகை விஷம். மீனும் நத்தையும் அதைத் தின்றால் ஈரலிலும் குடலிலும் விஷம் சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் தெளிந்தாலும் உடம்பு உடனே தெளியாது. கடல் மட்டிச் சிப்பியில் இப்படிச் சேர்ந்து, அதைத் தின்ற ஆட்களே செத்ததைப் புத்தகத்தில் படித்ததையும் சொன்னேன்.

கவுண்டர் குளத்தையே பார்த்தார். "மீனு துள்ளுதுங்களே சார். விஷமிருந்தா அதுக்குத் தெரியாதுங்களா?"

மூல வைத்தியம்

என் கவலை மீன் இல்லை, கந்தன். கரையோரம் குடியிருந்த அவருக்கு மூலம். மனைவி மாராத்தாள் அதே குளத்து நத்தையைக் குடலோடு அவித்துத் தினமும் சாறு கொடுத்துவந்தாள். அன்று கரையில் இரண்டு வாத்துகள் செத்துக் கிடந்ததைக் காட்டி, கொஞ்ச நாளைக்கு நத்தை வேண்டாம் என்று கெஞ்சினேன். மாராத்தாள், இன்னும் நன்றாகக் கொதிக்க விடுவதாக வாக்களித்தாள். கந்தன் கட்டிலில் ஒருக்களித்தபடி கேட்டார்: "ஏனுங்க சார், அத்தனை விஷம்னா மூலத்தைக் கொல்லாதுங்களா?"

அடையாளம்

வேறு வழியில்லாமல் தண்டோரா போட ஏற்பாடு செய்தேன். தண்டோராக்காரர் பொள்ளாச்சியிலிருந்து புதிதாக வந்தவர், மலையாளம் தெரியாது. எங்கள் பியூனோ மலையாளி. 'குளத்தில் விஷப்பாயல் உண்டு' என்று சொல்லி அனுப்பினார். பாயல் என்றால் பாசி. தெருவில் முழங்கியது இது: "குளத்துல விஷப்பயல் இருக்கானாம்!"

திருத்துவதற்காக ஓடினேன். அதற்குள் கவுண்டர் தலைமையில் ஆட்கள் தடியோடு குளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குளத்தில் விஷம் கலக்கும் பயலைப் பிடிக்கக் காவல். மீன் பிடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. கூடையோடு வந்த மாராத்தாளையும் திருப்பி அனுப்பினார்கள். சொற்பிழை கண்டால் தூக்கம் வராத நான், அன்று வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் பயல் எப்படி இருப்பானுங்க சார்?" என்று கவுண்டர் கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "பச்சையாக இருப்பான்" என்றேன்.

"அப்பப் பச்சைச் சட்டைன்னு சொல்லுங்க."

மழைக்குப் பிறகு

மழை பெய்து குளம் தெளிந்தது. அதன் பிறகும் நான் கேட்டுக்கொண்டபடி காவல் தொடர்ந்தது. நத்தை கிடைக்காத கந்தன் கருணைக்கிழங்குக்கு மாறி, வரப்பில் நடமாடத் தொடங்கினார். அவரைப் பார்த்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. எதிரே வந்த கந்தன், "கெழங்குதானுங்க சார் கேட்டுது. நத்தை சும்மாங்க" என்றார்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் பக்கத்தில் பச்சைச் சட்டை போட்டவர்கள் குளத்தங்கரை வழியாகப் பஸ்ஸுக்குப் போகவில்லை.