திரையில் மட்டும் அழிந்த சொல்

எண்டர் பட்டனைத் தட்டும் முன் நெட்டையன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். கறுப்புத் திரையில் அடித்த கட்டளையை உதடசைத்து ஒருமுறை படிப்பான். பிறகுதான் தட்டுவான். ஏழு வருஷமாக இப்படித்தான்.

"மந்திரம் போட்டாச்சா?" என்று மனைவி கேலி செய்வாள்.

அந்தப் பழக்கம் அவளுடைய தம்பியால் வந்தது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகளை மாமனும் மச்சினனும் சேர்ந்துதான் பார்த்துக்கொண்டார்கள். பழைய கோப்புகளை நீக்கச் சொன்ன அன்று மச்சினன் நீளமாக ஒரு கட்டளை அடித்தான். அதில் தவறாக விழுந்த ஒரு கோப்புறைப் பெயரை அழித்துவிட்டுத் தட்டினான். அந்தப் பெயரில் இருந்த நாலு வருஷத்து முடிவுகள் போயே போச்சு. நகலெடுத்து வைக்கும் வட்டும் அந்த மாதம் பார்த்துப் படுத்துக் கிடந்தது.

"அழிச்சிட்டுத்தான் சார் தட்டினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான். யார் நம்புவார்கள்?

விசாரணையில் நெட்டையனைக் கேட்டார்கள். "கை தவறியிருக்கும்" என்றான். மச்சினனுக்கு வேலை போனது.

முடிவுகள் அழிந்ததற்கு முந்தின வாரமே தன் திரையிலும் அப்படியொரு குளறுபடியை நெட்டையன் பார்த்திருந்தான். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுத் தன் வேலைக்கும் உலை வைப்பார்களோ என்ற பயம்.

கோளாறு இந்த வருஷம்தான் நெட்டையனுக்குப் பிடிபட்டது. கட்டளை திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த வரிக்கு மடங்கிவிட்டால், பின்னால் போய் ஒரு சொல்லை அழிக்கும்போது அது திரையில் மட்டும் அழிகிறது. உள்ளே அப்படியே இருக்கிறது. மூன்று மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டதற்குத் திருத்தம் ஒரே வரி. அந்தக் கறுப்புத் திரை மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினான். பழைய பதிப்பை இனி பார்ப்பதில்லை என்று பதில் வந்தது.

மச்சினன் இப்போது ஒரு பார்சல் கடையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறான். நெட்டையன் அங்கே போய்க் கோளாறை மடிக்கணினியில் காட்டினான்.

"அப்ப என் கை மேல தப்பு இல்லையா, மாமா?"

"இல்லடா."

"கை தவறியிருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நெட்டையன் டேப் உருளையைப் பார்த்தான்.

"சரி, விடுங்க. இதை எழுதி லேப் மேனேஜருக்கு அனுப்புங்க. அக்காகிட்டயும் சொல்லுங்க. அவளே எனக்குக் கண்ணாடி டம்ளர் தர்றதில்ல, உடைச்சிடுவேனாம்."

"இன்னைக்கே அனுப்புறேன்டா."

ஐந்து மாதம் ஆகிறது. 'எனக்கு முந்தின வாரமே தெரியும்' என்ற வரியில் கடிதம் நிற்கிறது. அந்த வரியை அழிக்கிறான், திரும்ப அடிக்கிறான். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உதடசைத்துப் படிக்கிறான். அதோடு சரி.

நேற்று மச்சினன் வீட்டுக்கு வந்தான். அக்கா பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். மாமாவைப் பார்த்துக்கொண்டே குடித்தான்.