சின்னக் காரின் இரைச்சல்

காது மந்தமானபோது எனக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. முதலில் குக்கர் விசில் தப்பியது. பிறகு அலுவலகத்தில் பின்னாலிருந்து கூப்பிடுகிறவர்களின் குரல் தப்பியது. டாக்டர் சோதித்துப் பார்த்து இரண்டு காதுக்கும் மெஷின் எழுதிக் கொடுத்தார். வீட்டில் அது நன்றாகவே உதவியது. டிவி புரிந்தது, ஹாஸ்டலிலிருந்து மகள் போனில் பேசுவதும் புரிந்தது. காரில் ஏறினால்தான் தொல்லை.

எங்களுடையது பழைய பெட்ரோல் கார். சின்ன வண்டி, மெல்லிய தகடு. தினமும் காலையில் டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி, என்னை என் அலுவலகத்தில் இறக்கிவிட்டு என் கணவர் தம் அலுவலகத்துக்குப் போவார். மாலையில் அப்படியே திரும்புவோம். காது மெஷின் பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை. டயர் சத்தம், கதவின் கடகடப்பு, டேஷ்போர்டின் கிறீச்சு எல்லாவற்றையும் அள்ளிக் காதுக்குள் கொட்டியது. ஈரோட்டில் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை நூல் மில்லுக்குள் போய் நின்றிருக்கிறேன். அப்படி இருந்தது. அதனால் சீட் பெல்ட் போட்டதும் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவேன். நாங்கள் நிதானமாகப் பேசிக்கொள்ள இருந்த நேரமே அந்தக் கார்ப் பயணம்தான். அது போயிற்று.

ஒருநாள் சிக்னலில் நின்றபோது தற்செயலாக அவர் பக்கம் திரும்பினேன். அவர் சாலையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். போனில் அல்ல, என்னிடம்தான். பழக்க தோஷத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, நினைவு வந்தவர்போல வாயை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?" என்றேன்.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். அந்த 'ஒன்றுமில்லை'தான் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் சொல்ல இருந்த ஏதோ ஒன்று சிக்னலிலேயே நின்றுபோய்விட்டது.

மகளின் படிப்புச் செலவு இருக்கும்போது வேறு கார் வாங்குவதைப் பற்றி யோசிக்கவே முடியாது. இருக்கிற காரின் சத்தத்தைக் குறைக்க வழி உண்டா என்று யூடியூபில் தேடினேன். கீழே எழுத்து ஓடும் வீடியோக்களாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். தகடு அதிராமல் இருக்க, ஒரு பக்கம் வெள்ளிக் காகிதமும் மறுபக்கம் கறுப்புப் பசையுமாக ஒரு ஷீட் ஒட்டுகிறார்கள். மிச்சச் சத்தத்தை உறிஞ்ச மேலே கனமான துணியோ ஃபோமோ வைக்கிறார்கள். முழுக் காருக்கும் செய்யக் கடையில் கேட்ட தொகையை என் கணவரிடம் சொன்னேன்.

"அந்தக் காசுக்கு இந்த வண்டியவே வித்துறலாம் அம்மிணி" என்று சிரித்தார். ஆனால் மறுநாளே ஹார்ட்வேர் கடையிலிருந்து ஒரு பெரிய சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மொட்டை மாடி ஒழுகினால் ஒட்டுகிற தார் டேப். "பாரு, அதே வெள்ளி, அதே கறுப்பு. ரெண்டும் ஒண்ணுதான்."

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கதவுகளின் உள்பலகையையும் கழற்றி அதை ஒட்டினோம். சத்தம் குறைந்த மாதிரியும் இருந்தது. மே மாதம் வந்தது. அலுவலக வாசலில் நாளெல்லாம் வெயிலில் நின்ற காரைத் திறந்தால், புதிதாக ரோடு போடும் இடத்தில் அடிக்கிற வாசனை. தார் இளகி, தகட்டிலிருந்து வழுக்கி, கதவின் அடியில் கசிந்து, என் வெளிர்நீலப் புடவையில் அப்பிவிட்டது. அவர் முகம் வாடிப்போயிற்று. மெஷின் காதில்தான் இருந்தது. அவர் சொன்னது நன்றாகவே கேட்டது.

"எம்பட புத்திய என்ன சொல்றது. விட்டுறலாம் அம்மிணி. இது நமக்கு ஆகாத வேலை."

எனக்கு விட மனமில்லை. அடுத்த சனிக்கிழமை தனியாக மெட்ரோ ஏறிக் கரோல் பாக் போனேன். கார் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஒரு கடையில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அலமாரியைப் பார்த்தபடி ஹிந்தியில் படபடவென்று ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வழக்கமாக இப்படி நேர்ந்தால் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன். காது கேட்காது என்று வெளியாட்களிடம் நான் அதுவரை சொன்னதேயில்லை. அன்றைக்கு என்னவோ, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டேன்.

"பாய் சாப், எனக்குக் காது சரியாக் கேக்காது. என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. "அச்சா, அச்சா ஆண்ட்டிஜி" என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எதிரே வந்து நின்றார். பழைய கதவு ஒன்றை மேசைமேல் போட்டு, தட்டிப் பார்க்கச் சொன்னார். காதால் கேட்பதைவிடக் கையால் தெளிவாகத் தெரிந்தது. வெறும் தகடு உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஷீட் ஒட்டிய இடம் 'தப்' என்று அடங்கியது. வெயிலில் உருகி வழியாதா என்றதற்கு, இது தார் இல்லை, ரப்பர் பசை என்றார். முழுக் கதவையும் மூட வேண்டுமா என்று கேட்டேன். விற்பவர்தானே, மூடினால் நல்லது என்றார். மூடாவிட்டால்? அதிர்கிற இடத்தில் மட்டும் ஒட்டினாலே பாதிக்கு மேல் குறையும் என்று ஒப்புக்கொண்டார்.

பிளவுஸுக்குக் கட் பீஸ் பொறுக்கியே பழகிய எனக்கு அடுத்த கேள்வி தானாக வந்தது. "பெரிய வண்டிகளுக்கு வெட்டினதுபோக மிச்சத் துண்டு இருக்கா?" அவர் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவந்தார். கொள்ளைமலிவாகக் கொடுத்தார். தரைக்குப் போட, கார்ப்பெட் விற்கும் கடையில் நம்தா என்கிற, கம்பளியை அழுத்திச் செய்த கெட்டித் துணியும் கிடைத்தது.

இந்தத் தடவை எங்கே ஒட்டுவது என்று நான்தான் பார்த்தேன். அவர் ஓட்ட, நான் கதவிலும் தரையிலும் உள்ளங்கையை வைத்து, நடுங்கும் இடங்களிலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். பழைய தாரை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டி எடுப்பதற்குள் இருவருக்கும் முதுகு கழன்றுவிட்டது. துண்டுகளை வெயிலில் காட்டி இளக்கி, ஒட்டி, பூரிக்கட்டையால் உருட்டி அழுத்தினேன்.

மேல்மாடிக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். "அவங்க மாவு தேய்க்கறாங்க, நான் மேற்பார்வை" என்றார் என் கணவர். பலகையை மாட்டும்போது கிளிப்புகள் சில உடைந்தன. புதிது வாங்கிப் போட்டோம்.

திங்கட்கிழமை காலை மெஷினைக் கழற்றாமல் கிளம்பினேன். ஹார்ன் ஹார்னாகத்தான் இருந்தது; டெல்லியில் அதற்கு எந்த ஷீட்டும் கிடையாது. ஆனால் டயரின் இரைச்சல் எங்கோ கீழே இறங்கிப் போயிருந்தது. கதவு கடகடக்கவில்லை. பாராபுல்லா மேம்பாலத்தில் ஏறியபோது அவர் சொன்னார்:

"கேன்டீன்ல இப்பல்லாம் டீயில இஞ்சியே போடறதில்ல."

"என்னவாம், இஞ்சி விலை ஏறிடுச்சுங்களா?"

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். "கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அலுவலகம் வரும்வரை அவர் நிறுத்தவேயில்லை. மேலதிகாரியின் மாற்றல், மகள் எடுக்கவிருக்கும் பாடம், தம் முழங்கால் வலி. முழங்கால் வலி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அலுவலகத்திலும், "என் எதிரே வந்து பேசுங்க" என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினேன். பிரிவு மீட்டிங்கில் எனக்கு இப்போது நடு நாற்காலி.

ஜூலையில் முதல் பெரிய மழை பிடித்தபோதுதான் கூரையை மறந்துவிட்டோம் என்பது தெரிந்தது. தலைக்குமேல் யாரோ கூடை கூடையாகச் சரளைக் கல்லைக் கொட்டுவதுபோல் இருந்தது. மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவர் ஒரு பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே ஒதுங்கி, எஞ்சினை அணைத்து, என்னை நேராகப் பார்த்து உதடுகளை நிதானமாக அசைத்தார்.

"சனிக்கிழமை கரோல் பாக்குக்கு ரெண்டு பேருமாப் போலாம். கூரைக்கும் கட் பீஸ் இருக்கும்."

"அன்னைக்குச் சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் போகணுங்க, இட்லி அரிசி தீந்துபோச்சு" என்றேன். தலையாட்டினார். மழை விடுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.