முள்ளங்கித் தோட்டத்து வழி

ஹிரகுரா மலைக்கிராமத்தைப் பார்க்க நடந்து வருகிறவர்களை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருபவள் ஷிகெனோ. வயது அறுபத்துமூன்று. கணவாய் ஏறி இறங்கினால் பதினோரு கிலோமீட்டர். முப்பது வருஷம் இதே மலையில் தபால் பை சுமந்தவள் என்பதால், அவள் ஓய்வு பெற்றதும் ஊர் மன்றம் இந்த வேலைக்கு வேறு யாரையும் யோசிக்கவில்லை. கடற்கரை ஊரிலிருந்து அவள் மருமகளாக வந்த புதிதில், "மீன்காரி காலு, மேட்டுக்கு ஆகாது" என்று சிரித்தவர்கள் உண்டு. தபால் வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், இடுப்பளவு பனியில் இறங்கி மேல்வீடுகள் ஒன்பதுக்கும் கடிதம் சேர்த்துவிட்டு வந்தாள். அதன்பிறகு அந்தச் சிரிப்பு கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு பேரோடு புறப்பட்டாள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் நல்ல மழை. கூட்டத்துக்கு முன்னால் நடந்தவர் நகாகிதா, ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேலாளர். காலில் புது பூட்ஸ், கையில் வரைபடம். கரடியை விரட்டுவதற்காக வழிநெடுகக் கட்டியிருந்த மணிகளை ஒன்று விடாமல் அவரே அடித்துக்கொண்டு வந்தார்.

ஓடைக்கு வந்தபோது மரப்பாலத்தைக் காணவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு போனது.

"கல்லு தெரியுதேம்மா. கையக் கோத்துக்கிட்டுத் தாண்டிடலாம்" என்றார் நகாகிதா.

"தாராளமா தாண்டலாம் சார். நீங்க அந்தக் கரைக்குப் போறதுக்குள்ள உங்க பூட்ஸ் கீழூர் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

"மேல ஒரு வழி இருக்கு. அதுல போவோம்" என்று சொல்லிவிட்டு ஷிகெனோ நடந்தாள். குரலில் தயக்கமே இல்லை. ஆனால் அந்த வழி தோகுஜியின் முள்ளங்கித் தோட்டத்துக்குள் போகிறது. தோகுஜி அவளோடு பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. நடைப்பயணம் தொடங்கியபோது, "அவ பின்னால வர்றவன் ஒருத்தன் காலும் என் மண்ணுல படக்கூடாது" என்று ஊர் மன்றத்தில் சொல்லிவிட்டு வழியின் குறுக்கே கயிறு கட்டியவர் அவர்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. அவருடைய மகள் சனயே, வடக்குத் தீவைச் சேர்ந்த படகுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். என் சாவுக்குக்கூட வராதே என்று எழுதி, கோபத்தோடு கோபமாகத் தபால்பெட்டியில் போட்டுவிட்டார் தோகுஜி. விடிந்ததும் ஷிகெனோ பெட்டியைத் திறக்க வந்தபோது, அவர் அங்கே வந்து நின்றார்.

"அத எடுத்துக் குடுத்துடு."

"என் கையால எடுத்துத் தர முடியாதுண்ணே. ஆபீசுக்கு வந்து எழுதிக் கேளுங்க, தருவாங்க."

அலுவலகத்தில் நாலு பேர் பார்க்க அதை எழுதிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்தது. சனயே வரவில்லை.

இப்போது கயிற்றுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு பேரையும் நிறுத்திவிட்டு ஷிகெனோ தனியாக ஏறிப் போனாள். எழுபத்தெட்டு வயதுத் தோகுஜி குனிந்து முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பாலம் போயிடுச்சு. பன்னெண்டு பேர் இருக்காங்க. உங்க தோட்டத்து வழியா விடணும்."

அவர் நிமிரவில்லை. "எழுதிக் கேக்கணுமில்ல தபால்காரம்மா? அதானே சட்டம்?"

ஷிகெனோ ஒரு கணம்தான் யோசித்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்து, முழங்காலில் வைத்து முழுப்பெயரோடு எழுதி, கிழித்து நீட்டினாள். 'மிசோகுச்சி ஷிகெனோ, பன்னிரண்டு பேருக்காக வழி கேட்கிறேன்.' தோகுஜி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு வரிதான். அதை வெகுநேரம் படித்தார்.

"கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான்" என்றபடி காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். பிறகு இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். "வரப்போரமா, ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க. முள்ளங்கிய மிதிச்சா விருந்தாளின்னு பாக்கமாட்டேன்."

மிதிக்காமல் வந்தார்கள். வீட்டு முற்றத்தில் அவரே தேநீர் கொடுத்தார், தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய முள்ளங்கியும். நகாகிதா உதவுகிறேன் என்று இறங்கி, முதல் முள்ளங்கியையே பாதியில் முறித்துவிட்டு அசடு வழிந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது தோகுஜி ஷிகெனோவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கு நீ மட்டும் எடுத்துக் குடுத்திருந்தா..."

"இன்னைக்குக் கேட்டாலும் தரமாட்டேண்ணே. ஆனா நீங்க இன்னொண்ணு எழுதியிருக்கலாம். ரிட்டயர் ஆகுற வரைக்கும் தினம் இந்த வாசலத் தாண்டித்தானே போனேன். வாங்கிட்டுப் போயிருக்க மாட்டேனா?"

அவர் தேநீர்க் குவளையைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னன்னு எழுதுறது?"

"முள்ளங்கி நல்லா விளைஞ்சிருக்குன்னு எழுதுங்க. மிச்சத்த அவ புரிஞ்சுக்குவா."

சொன்ன நேரத்துக்கே அவர்களை ஹிரகுராவில் கொண்டு சேர்த்தாள். மறுநாள் காலை அதே வழியாகத் திரும்பியபோது தோகுஜி தோட்டத்து முனையில் காத்திருந்தார். ஒரு தபால் அட்டையை அவள் கையில் திணித்துவிட்டு முள்ளங்கி பிடுங்கத் திரும்பிப் போய்விட்டார். அட்டையில் எழுதியது கண்ணில் படாமல் இருக்காது. எழுத்துப் பக்கத்தை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தபடியே ரயில் நிலையம்வரை நடந்து பெட்டியில் போட்டாள். இரண்டு வாரத்தில் வடக்கிலிருந்து தோகுஜிக்கு ஒரு கனத்த உறை வந்ததாகப் புதுத் தபால்காரர் சொன்னார். உள்ளே என்ன இருந்தது என்று ஷிகெனோ கேட்கவில்லை. அவள் வேலையில் அந்தப் பழக்கம் கிடையாது.

நவம்பர் கடைசியில் ஒன்பது பேரோடு அந்தப் பக்கம் வந்தாள். தோகுஜி வீட்டின் மூங்கில் கொடியில் முள்ளங்கிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள் ஒரு பெண். நாற்பதைத் தாண்டிய வயது, படகில் போடும் ரப்பர் கோட்டு. தகப்பனின் அதே அகன்ற நெற்றி. ஷிகெனோவைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து வணங்கினாள். ஷிகெனோவும் வணங்கினாள்.

"அக்கா, டீ குடிச்சிட்டுப் போங்க. அப்பா சொல்லச் சொன்னாரு."

"வரும்போது குடிக்கிறோம்மா. மேகம் கூடுது, அதுக்குள்ள இவங்கள ஊர் சேக்கணும்" என்றாள் ஷிகெனோ. பின்னால் வந்தவர்களை வரப்போரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.