சும்மா நிற்காத வேன்

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஐப்பசி பிறக்கிற நேரத்தில், எங்கள் பழைய டீசல் வேனுக்குக் கெட்ட புத்தி வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் அடங்காது. யாரும் மிதிக்காமலேயே, விருந்தில் கறி குறைந்துபோன மாப்பிள்ளை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும்.

ரோட்டில் ஓட்டினால் பெரிய தொந்தரவில்லை. உப்பளத்துக் கரை அப்படியில்லை. ஒரு வேன் அகலம்தான் இருக்கும், இரண்டு பக்கமும் பாத்தி. ஊர்ந்து ஊர்ந்து ரிவர்ஸில் வந்து உப்பு அம்பாரத்தின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கிளட்சை விட்டாலே வேன் துள்ளுகிறது என்று என் மகன் கரையில் இறக்க மறுத்துவிட்டான். அந்த வருஷத்துக் கடைசி உப்பு, இரண்டு அம்பாரம், கரைமேல் கிடந்தது. கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மேலே மூடிய கீற்று தூறலைத் தாங்கும். ஐப்பசி மழை பிடித்தால் உப்பு வந்த வழியே பாத்திக்குப் போய்விடும்.

வேறு வண்டி கேட்கலாம் என்றான் மகன். எல்லோரும் அவரவர் உப்பை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படியே கிடைத்தாலும், பிறத்தியார் வண்டி முன்னால் போய்ப் பல்லைக் காட்டுகிற வழக்கம் எனக்கில்லை.

மெக்கானிக் ஷெட் ஈ.சி.ஆர். ரோட்டோரம். அந்த மெக்கானிக் என்னை ஆயா என்பார். அவருக்கே பேரப்பிள்ளை உண்டு. மூன்று முறை வேனைக் கொண்டுபோனான் மகன். ஒவ்வொரு முறையும் அவர் டீ குடித்து, அரசியல் பேசி முடித்து வண்டிக்கு வருவதற்குள் இன்ஜின் ஆறிப்போயிருக்கும். டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியிலிருக்கும் ஸ்குரூவைத் திருகி, "ரேஸ் குறைச்சாச்சு" என்பார். மறுநாள் காலையில் வேன் நின்று நின்று போகும். மதியம் சூடேறினால் பழையபடி உறுமும்.

நான்காவது முறை நானே ஏறிப் போனேன். வழக்கம்போல் ஆறவைத்த பிறகுதான் எழுந்து வந்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது ஆயா. பாருங்க, பூனையாட்டம் நிக்குது."

"உன் ஷெட்டு நிழல்ல எல்லாம் பூனைதான்யா. எங்க உப்பளத்துக்கு வந்து பாரு. ஏறு வண்டியில."

"எனக்கு இங்க வேலை கெடக்குது ஆயா."

"தெரியுது. கிளாஸ்ல இன்னும் டீ மீதியிருக்குது."

ஏறினார். கரைக்கு வந்து சேர்வதற்குள் வேன் சூடேறி, நின்ற இடத்திலேயே அலறியது. மகன் சீட்டைத் தூக்கினான். மெக்கானிக் டீசல் பம்பின் பக்கத்தில், ஆக்சிலேட்டரை மிதித்தால் நகர்கிற சின்னக் கம்பியை விரலால் பின்னுக்குத் தள்ளினார். சத்தம் அடங்கியது. விரலை எடுத்தார். மறுபடி அலறல். அந்தக் கம்பியை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கறுப்புத் துண்டு தொங்கியது. சைக்கிள் டியூப்.

"யார்ரா இது, இன்ஜினுக்குத் தாயத்து கட்டினது?" என்றார் மெக்கானிக்.

"நான்தான்," என்றான் மகன். பெருமையாகவே சொன்னான். "ஸ்பிரிங்கு துருப்புடிச்சி அந்துபோச்சி. ரப்பர்னா துருப்புடிக்காதுல்ல?"

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் டியூப்தான். உப்பு வாருகிற பலகையின் காம்புக்கும் டியூப், தண்ணீர் இறைக்கிற பைப்புக்கும் டியூப். உப்பு இரும்பைத் தின்னும், ரப்பரைத் தின்னாது. அது வரைக்கும் அவன் புத்தி சரி. ஆனால் பலகைக் காம்பை யாரும் அடுப்பில் வைப்பதில்லையே. இன்ஜின் சூட்டில் ரப்பர் இளகித் தொங்கும், கம்பி முழுதாகத் திரும்பாது. ஆறினால் ரப்பர் மறுபடி இறுகிக்கொள்ளும். ஷெட்டில் வேன் பூனையான கதை இதுதான்.

"மூணு வாட்டி இதுக்குப் பக்கத்துலதானே கைய வெச்ச? கண்ண எங்க வெச்ச?" என்று கேட்டேன்.

"கறுப்பா இருந்துச்சா, ஆயில் பைப்புன்னு நெனச்சிட்டேன் ஆயா."

"நெனப்ப, நெனப்ப. உன் தலைக்குள்ளயும் டியூப்தான் கட்டியிருக்குது போல."

மகன் சிரித்தான். "உனக்கென்னடா இளிப்பு? கட்டினவன் நீ," என்றேன்.

புது ஸ்பிரிங்குக்குத் திண்டிவனம் போக வேண்டும் என்றார் மெக்கானிக். மேகத்தைப் பார்த்தேன். தண்ணீர் இறைக்கிற இன்ஜின் அளத்து மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. தை மாதம் வரை அதற்கு வேலையில்லை. "அதுலேர்ந்து கழட்டு," என்றேன். நீளம் சரியில்லை என்று முனகினார். வளைத்து மாட்டினார். தான் திருகிவைத்த ஸ்குரூவையெல்லாம் திரும்பச் சரிசெய்தார். வேன் அடங்கியது.

பெண்கள் கூடை தூக்கினார்கள். முதல் அம்பாரம் முழுதாக ரோடு ஏறியது. இரண்டாவதில் பாதி ஏற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தன்னை ஷெட்டில் விட்டுவிடச் சொன்ன மெக்கானிக் தலையிலும் ஒரு கூடையை வைத்தேன். அவரும் சுமந்தார்.

மகன் பக்கத்தில் வந்து, "ரெண்டாவதுலயும் பாதி தேறிச்சேம்மா" என்றான்.

"தேறினது உப்பு. நீங்க ரெண்டு பேரும் தேறலையே."

கீற்றுக்கடியில் கையை விட்டுப் பார்த்தேன். உப்பு குழைந்து விரலிடுக்கில் வழிந்தது. இனி வார வேண்டாம் என்று பெண்களை அனுப்பினேன். வேன் மட்டும் கரையோரம் மழையில் நனைந்தபடி, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி மெதுவாக இரைந்துகொண்டு நின்றது. அணைக்கச் சொன்னேன்.